சட்டைப்பைக்கு வந்து சேர்ந்த தொலைநோக்கி

ஒரு கையால் எடுத்து ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கிக்கு மோனோகுலர் என்று பெயர். பைனாகுலரை நடுவே பிளந்து எடுத்த பாதி என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். வரலாற்றின் வரிசை நேர்மாறானது. 1608இல் ஐரோப்பாவில் முதன்முதலாகக் கைக்கு வந்த தொலைநோக்கி ஒற்றைக் குழல்தான். இரண்டு குழல்களைச் சேர்த்துத் தரும்படி கேட்டது அதற்குப் பின் எழுந்த கோரிக்கை. அன்று முதல் இக்கருவியைச் செய்தவர்கள் ஒரே கணக்கோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது, எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது, எவ்வளவு அகலத்தைக் காட்டுவது, இத்தனையையும் எவ்வளவு நீளத்துக்குள் அடக்குவது என்பதே அந்தக் கணக்கு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இன்று 8×25 என்று பொறித்து விற்கப்படும் சிறு குழலின் ஒவ்வொரு பாகமும் அந்தக் கணக்குக்கு யாரோ ஒருவர் கண்ட விடை.

மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் தோன்றியது. வெள்ளெழுத்துக்கு உதவும் குவிவில்லை முதலில் வந்தது. கிட்டப்பார்வைக்கான குழிவில்லை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கடைகளில் விற்பனைக்கு இருந்தது. தொலைநோக்கிக்கு வேண்டிய சரக்கு இந்த இரண்டு வில்லைகளும் ஒரு குழலும் மட்டுமே. அவை ஒரே கடையில் நூற்றைம்பது ஆண்டு கிடந்தும் கருவி பிறக்கவில்லை. வில்லைகளின் தரமே அதற்குக் காரணம். அன்றைய கையால் தேய்த்த வில்லைகள் நடுவில் ஓரளவு ஒழுங்காகவும் ஓரத்தில் கோணலாகவும் இருந்தன. மூக்குக்கண்ணாடிக்கு இது பெரிய குறை இல்லை. கண்ணின் பாவை ஒரு நேரத்தில் வில்லையின் சிறு வட்டத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. தொலைநோக்கியிலோ முன்வில்லையின் முழுப் பரப்பும் சேர்ந்து ஒரே படத்தை உருவாக்குவதால், ஓரத்துக் கோணல் படம் முழுவதையும் கலங்கடித்துவிடும். நடுவில் துளையிட்ட ஓர் அட்டையை முன்வில்லையின் மேல் வைத்து ஓரத்தை மறைத்தால் படம் தெளிகிறது. ஒளியில் பெரும்பகுதியை இழந்து தெளிவை வாங்கும் இந்த எளிய மறைப்பே தொலைநோக்கியைச் சாத்தியமாக்கிய படி என்பது ஒளியியல் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அண்மைக் காலத்தில் முன்வைக்கும் விளக்கம். எஞ்சியிருக்கும் பழைய கருவிகளைப் பார்த்தால் அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

நெதர்லாந்தின் ஸீலந்து மாகாணத்தில், மிடில்பர்க் நகரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் ஹான்ஸ் லிப்பர்ஹே. 1608 செப்டம்பர் இறுதியில் மாகாண மன்றத்தின் அறிமுகக் கடிதத்தோடு அவர் ஹேக் நகருக்குப் போனார். அக்டோபர் 2ஆம் தேதி அவருடைய காப்புரிமை மனு நாட்டின் பேரவை முன் வந்தது. ஸ்பெயினுடன் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. எதிர்ப்படைத் தளபதி ஸ்பினோலாவே ஹேக்கில் தங்கியிருந்தார். இளவரசர் மாரிட்ஸின் கோபுரத்தில் ஏறிக் கருவியைச் சோதித்தார்கள். டெல்ஃப்ட் நகரத்துக் கடிகாரமும் லைடன் நகரத் தேவாலயத்தின் சன்னல்களும் தெரிந்தன என்று, சயாம் மன்னரின் தூதர்கள் ஹேக்குக்கு வந்த செய்தியைச் சொல்லும் அக்காலத்துச் சிறுவெளியீடு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அந்த வெளியீடு பல நாடுகளுக்குப் போனபோது தொலைநோக்கிச் செய்தியும் கூடவே போனது.

லிப்பர்ஹேவுக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. சில வாரங்களுக்குள் அல்க்மார் நகரத்து யாக்கோப் மேட்டியஸ் தானும் அதே கருவியைச் செய்ததாக மனுக் கொடுத்தார். மிடில்பர்கிலேயே இன்னொருவரும் செய்யத் தெரிந்தவராக இருந்தார். இவ்வளவு எளிதில் நகல் எடுக்கக்கூடிய ஒன்றைக் கமுக்கமாக வைத்திருக்க முடியாது என்று பேரவை முடிவு செய்தது. ஆனால் அது லிப்பர்ஹேவை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி மூன்று கருவிகளைச் செய்து தரச் சொல்லி, மொத்தம் 900 கில்டர் கொடுத்தது. ஒற்றைக் குழல் வெளியான சில நாட்களிலேயே இரட்டைக் குழலுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை பரவலாக நிறைவேற இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டு குழல்களையும் இம்மியும் விலகாமல் ஒரே திசையில் நிறுத்துவது அக்காலத்துக் கைவேலைக்கு எளிதில் எட்டாத காரியம்.

1609 வசந்தத்தில் பாரிஸ் நகரத்துக் கண்ணாடிக் கடைகளில் சுமார் 3 மடங்கு பெருக்கும் குழல்கள் விலைக்குக் கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் கலிலியோ தான் செய்த சுமார் 8 மடங்குக் குழலை வெனிஸ் ஆட்சிமன்றத்தாருக்கு மணிக்கூண்டின் உச்சியில் வைத்துக் காட்டினார். வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கப்பல்கள் தெரிந்தன. கடல் வணிகத்தால் வாழ்ந்த நகரத்துக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. பாதுவா பல்கலைக்கழகத்தில் கலிலியோவின் சம்பளம் ஆண்டுக்கு 1000 ஃபுளோரினாக உயர்ந்தது.

ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய குழல்களில் இரண்டு இன்றும் இருக்கின்றன. ஒன்று சுமார் 93 சென்டிமீட்டர் நீளம். மரப்பட்டிகளால் ஆன உடல், மேலே பொன் வேலை செய்த தோல், பெருக்கம் சுமார் 20 மடங்கு. அதன் முன்வில்லையின் விட்டம் 37 மில்லிமீட்டர், ஒளி நுழைய விட்டிருக்கும் வட்டமோ 15 மில்லிமீட்டர்தான். பார்வைப் புலம் ஒரு பாகையில் கால்பங்கு. முழுநிலவில் பாதிதான் ஒரு நேரத்தில் தெரியும். குழிவில்லையைக் கண்ணருகில் வைக்கும் அமைப்புக்கே உரிய குறை இது. படம் நேராக நிற்கும், குழல் சிறியதாக இருக்கும், ஆனால் பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் பார்ப்பது சாவித்துளை வழியே பார்ப்பது போல ஆகிவிடும். சில மடங்குகளுக்கு மேல் கலிலியோ அமைப்பு அன்றாடப் பயனுக்குத் தோதானது இல்லை.

பெருக்கத்தை அளக்க அவர் 1610இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒன்றைவிட ஒன்று பரப்பில் 400 மடங்கு பெரிதான இரண்டு காகித வட்டங்களைச் சுவரில் ஒட்டித் தொலைவில் நின்று, ஒரு கண்ணால் குழல் வழியே சிறியதையும் மறுகண்ணால் வெறுமனே பெரியதையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் குழல் 20 மடங்கு பெருக்குகிறது. விற்பவர் சொல்வதை நம்பாமல் வாங்குபவரே அளந்துகொள்ள இன்றும் இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

1611இல் கெப்லர் இன்னொரு வழியைக் காட்டினார். கண்ணருகிலும் குவிவில்லையையே வைத்தால் பார்வைப் புலம் விரியும்; ஆனால் படம் தலைகீழாகத் தெரியும். விண்மீன் பார்ப்பவருக்கு அதனால் நட்டம் இல்லை. 1645இல் ரெய்ட்டா என்ற கப்பூச்சின் துறவி நான்கு குவிவில்லைகளைக் கொண்டு படத்தை நிமிர்த்தும் தரைத் தொலைநோக்கியை விளக்கி எழுதினார். அவருடைய வழிகாட்டலில் ஆக்ஸ்பர்க் நகரத்து யோஹான் வீசல் அத்தகைய குழல்களைச் செய்து விற்றார். படம் நேராகி, புலமும் விரிந்தது. அதற்குக் கொடுத்த விலை நீளம். நிமிர்த்தும் வில்லைகளுக்கு இடம் வேண்டும். அதைவிட, தனி வில்லையால் வரும் வண்ணக் கசிவைக் குறைக்க முன்வில்லையின் குவியத்தொலைவை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. வானியலாளர்களின் குழல்கள் அடிக்கணக்கில் வளர்ந்தன. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஏசுசபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி என்பது இரட்டை விண்மீன் என்று கண்டது 12 அடித் தொலைநோக்கியால். இதையெல்லாம் சட்டைப்பையில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. கையில் எடுத்துப் போனவர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அட்டைக் குழல்களை வைத்துக்கொண்டார்கள். கெட்டியான அட்டையைச் சுருட்டி, மேலே பதப்படுத்திய தோலை ஒட்டிச் செய்தவை அவை. கடற்காற்றின் ஈரத்தில் உப்பிக்கொண்டு இழுபடாமல் இறுகிவிடும் என்பது அவற்றின் தீராத நோய்.

அடுத்த திருப்பம் லண்டனில். செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிரவுன் கண்ணாடியில் ஒரு குவிவில்லையும் ஃபிளின்ட் கண்ணாடியில் ஒரு குழிவில்லையும் சேர்த்தால் வண்ணக் கசிவு அடங்கும் என்று கண்டார். கமுக்கம் வெளிவராமல் இருக்க இரண்டு வில்லைகளையும் வெவ்வேறு தொழிலாளர்களிடம் கொடுத்தார். இருவருமே அந்த வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே கைவினைஞரிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டு வில்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்த பாஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பட்டு நெசவிலிருந்து ஒளியியலுக்கு வந்த ஜான் டாலண்ட் பின்னாளில் பாஸ் வழியாக இதை அறிந்து, சோதனைகள் செய்து, 1758இல் காப்புரிமை பெற்றார். அவர் இறந்தபின் மகன் பீட்டர் அந்த உரிமையை நீதிமன்றத்தில் கடுமையாகக் காத்தார். ஹால் தன் கண்டுபிடிப்பை மேசைக்குள் பூட்டி வைத்தவர், டாலண்ட் அதை மக்களிடம் கொண்டுவந்தவர் என்பதே தீர்ப்பின் அடிப்படை. மற்றக் கடைக்காரர்களுக்கு அது கொடுமையாகப் பட்டிருக்கும். ஆயினும் நல்ல கைத்தொலைநோக்கி ஒரு பண்டமாக நிலைத்தது டாலண்ட் கடையால்தான் என்பதை மறுக்க இயலாது.

வண்ணக் கசிவு அடங்கியதும் குழல் குட்டையாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பித்தளைக் குழல் வந்தது. மெல்லிய தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்து, எஃகுத் தண்டின் மேல் ஏற்றி, அச்சுத் துளை வழியே இழுத்து எடுத்தார்கள். இப்படிச் செய்த குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும், ஈரத்தில் உப்பாது. மூன்று நான்கு அடுக்காக மடித்தால் மேலங்கிப் பையில் அடங்கும். கப்பல் அதிகாரிகள், நில அளவையாளர்கள், நிலவுடைமையாளர்கள் எல்லாரிடமும் அது இருந்தது. திரைப்படங்களில் கப்பல் தலைவன் ஒவ்வோர் அடுக்காக இழுத்து நீட்டும் அந்தக் கருவி இதுதான்.

கடலில் பார்ப்பவரின் தேவையும் மலையில் பார்ப்பவரின் தேவையும் அன்றே பிரிந்துவிட்டன. ஆடும் தளத்தில் நிற்பவருக்குப் பெருக்கம் கூடினால் எதிரே உள்ள பாய்மரம் வட்டத்துக்குள் நிற்காது. ஆகவே கப்பலில் குறைந்த பெருக்கமும் அகன்ற வில்லையும் விரும்பப்பட்டன. கொடிகளால் செய்தி அனுப்பும் முறை பிரிட்டிஷ் கடற்படையில் வளர்ந்தபோது, கொடியின் நிறத்தைப் பிரித்தறியும் தெளிவு உயிர் காக்கும் விஷயமாயிற்று. 1801 ஏப்ரல் 2 அன்று கோபன்ஹேகன் போரில் பின்வாங்கச் சொல்லும் சைகையைப் பார்க்க மறுத்து பிரிட்டிஷ் தளபதி நெல்சன் தம் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அது எந்த அளவுக்கு உண்மையானாலும், ஒரு கடற்போரே குழலுக்குள் தெரியும் சில கொடிகளை நம்பி நடந்தது என்பது உறுதி. நிலத்தில் அதற்கு இணை ஃபிரான்சின் ஷாப் தந்தி. 1794இல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தைக் கோபுரங்களின் வரிசையால் இணைத்தார்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் இருந்த பணியாளர், பக்கத்துக் கோபுரத்து மரக்கைகளின் நிலையைத் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே தம் கோபுரத்தில் திருப்பிக் காட்டினார். மூடுபனி இறங்கினால் தந்தி நின்றுவிடும்.

18ஆம் நூற்றாண்டில் நகரங்களின் நாடக அரங்குகளுக்குள் மோனோகுலர் இன்னொரு வடிவில் நுழைந்தது. இரண்டு மூன்று மடங்கு மட்டுமே பெருக்கும் கலிலியோ அமைப்பு இங்கே சரியாகப் பொருந்தியது. தந்தத்திலும் பீங்கானிலும் எனாமல் பூச்சிலும் செய்த உள்ளங்கை அளவுக் குழல்கள் அணிகலன்களாக விற்றன. கைத்தடியின் தலையிலும், வாசனைப் புட்டியின் அடியிலும், மடக்கு விசிறியின் ஆணி இருக்கும் இடத்திலும் அவற்றைப் பதித்தார்கள். பக்கவாட்டில் துளையிட்டு உள்ளே சாய்ந்த கண்ணாடி பொருத்திய ஒரு வகையும் உண்டு. மேடையைப் பார்ப்பது போலக் குழலை முன்னே நீட்டிக்கொண்டு, பக்கத்து மாடத்தில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. போர்க்களத்தில் மறைந்திருந்து பார்க்க 17ஆம் நூற்றாண்டில் ஹெவேலியஸ் வகுத்த அமைப்பின் வழித்தோன்றல் அது. 1823இல் வியன்னாவின் ஃபாய்க்ட்லேண்டர் இரட்டைக் குழல் நாடகக் கண்ணாடிக்கு உரிமம் பெற்றார். ஓரிரு ஆண்டுகளில் பாரிஸில் இரண்டு குழல்களையும் ஒரே திருகால் சரிசெய்யும் வகை வந்தது. இரண்டு கண்ணால் பார்க்கும் சுகம் தெரிந்தபின் அரங்குகளில் ஒற்றைக் குழல் விரைவில் மறைந்தது.

நீளத்தை வென்றவர் இக்னாஸியோ போர்ரோ. பியட்மான்ட் நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து ஒளியியலுக்கு வந்த இத்தாலியர். செங்கோண முப்பட்டகம் ஒன்றின் அகன்ற முகத்தில் நேராக நுழையும் ஒளி, உள்ளே இரண்டு சாய்முகங்களில் மோதி வந்த திசையிலேயே திரும்பிவிடும். முகங்களுக்கு வெள்ளி பூச வேண்டியதில்லை. 45 பாகையில் மோதும் ஒளியைக் கண்ணாடியே முழுவதுமாக எதிரொளிக்கிறது. அப்படி ஒரு முப்பட்டகம் படத்தை மேல்கீழாகப் புரட்டும். அதற்குக் குறுக்காக வைத்த இன்னொன்று இடவலமாகப் புரட்டும். கெப்லர் அமைப்பின் தலைகீழ்ப் படம் இவ்வாறு நிமிர்ந்துவிடுகிறது. ஒளி முன்னும் பின்னும் போய் வருவதால், நீண்ட குழலின் பாதை சிறு பெட்டிக்குள் மடிந்து அடங்குகிறது. புலம் விரிவது, படம் நேராக நிற்பது, நீளம் குறைவது ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைத்தது அதுவே முதல் முறை. 1854இல் போர்ரோ உரிமம் பெற்றார். பாரிஸில் தயாரான கருவிக்கு மூன்றாம் நெப்போலியனின் பெயர் சூட்டப்பட்டது. அது பைனாகுலர் இல்லை. கையடக்கமான ஒற்றைக்கண் கருவி. முப்பட்டகத் தொலைநோக்கி உலகுக்கு வந்ததே மோனோகுலராகத்தான்.

அது தோற்றதற்குக் காரணம் கண்ணாடி. முப்பட்டகத்துக்குள் ஒளி பல சென்டிமீட்டர் தூரம் கண்ணாடியிலேயே பயணம் செய்கிறது. அன்றைய கண்ணாடியில் இருந்த நிறமும் இழைகளும் குமிழ்களும் படத்தை மங்கடித்தன. போர்ரோவின் வேலையை அறியாமலேயே ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே அதே அமைப்பை எட்டி, 1873 வியன்னா கண்காட்சியில் ஒரு மாதிரியை வைத்தார். அவருக்கும் கண்ணாடிதான் தடை. 1884இல் ஓட்டோ ஷாட் ஜெர்மனியின் யேனா நகரில் ஆபே, ஒளியியல் கருவி உற்பத்தியாளர் கார்ல் ட்ஸைஸ் ஆகியோரின் துணையோடு கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கியபின் தெளிவான புதுக் கண்ணாடிகள் வந்தன. 1894இல் ட்ஸைஸ் நிறுவனம் முப்பட்டகப் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் அளவுகள் (பெருக்கம் × மில்லிமீட்டரில் முன்வில்லையின் விட்டம்) 4×11, 6×15, 8×20. இன்றைய சட்டைப்பை மோனோகுலர்களில் 8×20 இன்னும் அப்படியே புழங்குகிறது. நூற்றுமுப்பது ஆண்டில் கண்ணாடியும் பூச்சும் மாறியிருக்கின்றன. மனிதக் கையும் கண்ணும் தாங்கும் அளவு மாறவில்லை.

இரட்டைக் குழல் வென்றுவிட்ட அந்தக் காலத்திலும் பித்தளை மடக்குக் குழலை விடாதவர்கள் ஸ்காட்லாந்தின் மான்வேட்டைக்காரர்கள். மலைச்சரிவில் படுத்து, முழங்காலிலோ தடியிலோ குழலைத் தாங்கி, மைல் கணக்கான தொலைவில் மானின் கொம்புக் கிளைகளை எண்ணுவது அவர்கள் தொழில். கை ஆடாதபோது 20 மடங்குப் பெருக்கம் வரம். 1900இல் லார்டு லோவட் இவர்களைத் திரட்டி லோவட் ஸ்கவுட்ஸ் படையை அமைத்துத் தென்னாப்பிரிக்கப் போருக்கு அனுப்பினார். முதல் உலகப் போரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் பதுங்குகுழிகளிலிருந்து எதிரியின் அசைவுகளைக் குறித்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் பிரிட்டிஷ் படையின் உளவுப் பார்வையாளர்களுக்கு மூன்று மடிப்புக் குழலே கொடுக்கப்பட்டது.

முதல் உலகப் போர் வேறொரு நெருக்கடியையும் காட்டியது. நல்ல ஒளியியல் கண்ணாடிக்கு உலகமே யேனாவை நம்பியிருந்தது. போர் மூண்டதும் பிரிட்டனில் தட்டுப்பாடு. 1914இல் லார்டு ராபர்ட்ஸ் பொதுமக்களிடம் தங்கள் தொலைநோக்கிகளையும் பைனாகுலர்களையும் படைக்கு இரவல் தரக் கேட்டார். அமெரிக்கா போரில் இறங்கியபின், கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெயரில் அதே வேண்டுகோள் வந்தது. இரவல் வாங்கியதற்கு ஒவ்வொருவருக்கும் 1 டாலர் வாடகை. குதிரைப் பந்தயத்துக்கும் நாடகத்துக்கும் வாங்கிய கருவிகள் கப்பல் தளங்களுக்குப் போயின.

போர்ரோ முப்பட்டகத்தால் கருவியின் உடல் படிபோல விலகி நிற்கும். குழல் நேராக இருக்க வேண்டுமானால் கூரை முப்பட்டகம் தேவை. வீட்டுக் கூரை போல 90 பாகையில் சந்திக்கும் இரண்டு முகங்கள் படத்தின் இடவலத்தை மாற்றிவிடும். அந்த 90 பாகை சில விகலைகளுக்கு மேல் பிசகினால் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். அதனால்தான் கூரை முப்பட்டகக் கருவிகள் விலை கூடியவை. வெட்ஸ்லார் நகரத்து ஹென்சோல்ட் 1905இல் டியாலிட் என்ற பெயரில் இவ்வகையைக் கொண்டுவந்தது. 1920களில் ட்ஸைஸ் விற்ற டுர்மோன் என்ற 8×21 கருவி உண்மையான சட்டைப்பை மோனோகுலர். கூரையின் இரு பக்கமும் மோதிவரும் ஒளிக்கதிர்களுக்கிடையே ஏற்படும் கட்ட வேறுபாடு படத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பது நெடுநாள் குறையாக இருந்தது. அதை நீக்கும் மென்பூச்சை 1988இல் ட்ஸைஸ் கொண்டுவந்தபின்தான் கூரை வகை போர்ரோவோடு சமமாக நிற்க முடிந்தது.

பூச்சு என்ற யோசனையே அரைநூற்றாண்டு முந்தையது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் 4 முதல் 5 சதவீத ஒளி எதிரொளித்து வீணாகிறது. பத்துப் பரப்புகள் உள்ள கருவியில் ஏறத்தாழ 40 சதவீதம் கண்ணை எட்டாது. 1935இல் ட்ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா, ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிப்புள்ள பூச்சால் இந்த இழப்பைச் சிறிதாக்கும் முறையைக் கண்டார். ஜெர்மனி அதைப் படைக் கமுக்கமாக வைத்துக்கொண்டது. போருக்குப் பின் பூச்சு எல்லாருக்கும் கிடைத்தது. ஒரு பரப்பின் இழப்பு 1 சதவீதத்துக்கு இறங்கினாலே அதே கருவி 90 சதவீத ஒளியைத் தரும். 25 மில்லிமீட்டர் வில்லையால் மாலை வெளிச்சத்திலும் ஓரளவு பார்க்க முடிவது இதனால்தான். சிறு மோனோகுலருக்கு வாழ்வு தந்தது பெருக்கத்தைவிடப் பூச்சு என்றே சொல்ல வேண்டும்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டோக்கியோவின் இத்தாபாஷி வட்டாரத்துச் சிறு பட்டறைகள் உலகச் சந்தைக்குப் பைனாகுலர்களையும் மோனோகுலர்களையும் செய்து அனுப்பின. பின்னர் உற்பத்தியின் பெரும்பகுதி சீனாவுக்கு நகர்ந்தது. விலை இறங்கியபோது புதிய பயனாளிகள் வந்தார்கள். விலை பொருட்டே இல்லாத இடத்திலும் அதற்குப் பயன் இருந்தது. 1969இல் அப்பல்லோ 11 விண்கலத்தில் போனது, லைட்ஸ் டிரினோவிட் பைனாகுலரின் ஒரு பாதியை மாற்றியமைத்த மோனோகுலர். எடை ஒவ்வொரு கிராமாகக் கணக்கிடப்பட்ட இடத்தில் ஒற்றைக் குழல் மீண்டும் வென்றது.

அதைவிடப் பெரிய பயன் தரையில் நடந்தது. கண்ணாடி போட்டும் பார்வை போதாதவர்களுக்கு, 4 முதல் 8 மடங்கு வரை பெருக்கும் விரல்நீள மோனோகுலரைக் குறைபார்வை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளிலும் குறைபார்வைப் பிரிவுகள் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் முதலில் வெறுங்கண்ணால் வண்டி வரும் திசையைப் பிடிக்கிறார். பிறகு குழலை உயர்த்தி, சுட்டுவிரலால் வளையத்தைத் திருகி, தடத்தின் எண்ணைப் படித்ததும் இறக்கிவிடுகிறார். வகுப்பறையில் கரும்பலகை, ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகை, கடையில் எட்டாத தட்டில் உள்ள பெயர் எல்லாம் அப்படியே. ஒரு கண்ணில் மட்டும் பார்வை மிஞ்சியிருப்பவருக்குப் பைனாகுலரின் மறுபாதி வெறும் சுமை.

இன்று ஒன்றை வாங்குபவர் பார்க்க வேண்டியவை இந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன. 8×25 என்றால் 8 மடங்கு பெருக்கம், 25 மில்லிமீட்டர் முன்வில்லை. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் புகும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இங்கே சுமார் 3 மில்லிமீட்டர். பகலில் கண்ணின் பாவையும் 2, 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருப்பதால் அது போதும். அந்தியிலும் விடியலிலும் பாவை 5 மில்லிமீட்டருக்கு விரிகிறது. அந்த நேரத்தில் காட்டில் இருப்பவருக்கு 8×42 தேவை, அது சட்டைப்பையில் நுழையாது. கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு நல்ல எல்லை. 10 மடங்கைத் தாண்டினால் நாடித்துடிப்பே படத்தை ஆட்டும்.

மலிவுக் கருவிகளில் 40×60 போன்ற எண்கள் பொறித்திருப்பதைப் பரவலாகக் காணலாம். உள்ளங்கை அளவுள்ள அத்தகைய குழல்களின் உண்மையான பெருக்கம் பெரும்பாலும் அதில் சிறு பங்குதான். செங்கல் சுவர் ஒன்றின் முன் கலிலியோவின் சோதனையைச் செய்தால் போதும்: ஒரு கண்ணில் தெரியும் பெருக்கிய செங்கல்லின் உயரத்துக்குள், மறுகண்ணில் தெரியும் செங்கல் வரிசைகள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணினால் அதுவே பெருக்கம். முப்பட்டகத்தின் தரத்தைப் பார்க்கக் குழலைக் கைநீட்டி வானத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணருகு வில்லையில் தெரியும் ஒளிப்பொட்டு முழு வட்டமாக இருந்தால் நல்ல கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால், ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடியில் ஓரத்துக் கதிர்கள் முழுதாக எதிரொளிக்காமல் நழுவுகின்றன என்று பொருள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே குறைந்தது 15 மில்லிமீட்டர் இடம் தரும் கருவியையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புலத்தின் நடுப்பகுதி மட்டும் தெரியும். கோயில் விதானத்து ஓவியம், அருங்காட்சியகக் கல்வெட்டு, பூவில் அமர்ந்த வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றைப் பார்க்க விரும்புபவருக்கு எவ்வளவு கிட்டத்தில் குவிகிறது என்பது பெருக்கத்தைவிட முக்கியம். 2 மீட்டருக்குள் குவிந்தால் நல்லது, அருங்காட்சியகத்துக்கென்றே செய்தவை இன்னும் கிட்டத்தில் குவியும். காலை முழுவதும் ஏரிக்கரையில் பறவை பார்ப்பவர் பைனாகுலரே வாங்கட்டும். ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்ப்பது அலுப்பூட்டும். பத்து வினாடிப் பார்வை போதுமான நடைப்பயணிக்கு மோனோகுலர் குறையேதும் வைக்காது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர ஊர்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பூஞ்சை. வில்லையின் பூச்சின் மேல் சிலந்தி வலை போலப் படர்ந்து, அது பூச்சையே அரித்துவிடும். நைட்ரஜன் நிரப்பி மூடிய கருவியில் உட்புறம் தப்பிக்கும். மற்றவற்றை, மழைக்காலத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதும், அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுமே காப்பு.